உழவர் ஒலிபரப்பிலிருந்து ‘இன்று ஒரு தகவல்’ வரை: தென்கச்சி கோ. சுவாமிநாதனின் குரலும் திருவள்ளூர் வட்டாரக் கேட்டல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை வானொலியில் 1988 முதல் ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஒலித்த ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியால் தமிழகமெங்கும் அறியப்பட்டவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அவரைக் கதைசொல்லியாக நினைவுகூர்வதே இன்றைய வழக்கு. அவருடைய பேச்சுமுறையின் வேர், கதைமரபைவிட வானொலியின் வேளாண் ஒலிபரப்பு மரபில் ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வயலிலிருந்து ஆலைக்கு மாறிக்கொண்டிருந்த திருவள்ளூர் வட்டாரத்தை, குறிப்பாகத் திருப்பாச்சூரைக் களமாகக் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி வரலாறு, தென்கச்சி கோ. சுவாமிநாதன், வேளாண் ஒலிபரப்பு, வாய்மொழி மரபு, திருப்பாச்சூர்

முன்னுரை

தமிழ் வானொலி வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் தோன்றிய வானொலிக் கழகம், அது நின்றபின் 1930இல் மாநகராட்சி தொடங்கிய ஒலிபரப்பு, 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளி நிலையம் என்று நாள்களும் திறப்பு விழாக்களும் வரிசைப்படுத்தப்படுகின்றன. நிகழ்ச்சிகளைப் பற்றிய ஆய்வுகளும் இசை, நாடகம், செய்தி ஆகிய மூன்றையே மிகுதியாகத் தொடுகின்றன. காலையில் சில நிமிடங்கள் மட்டும் வந்து சென்ற ஒரு தனிமனிதக் குரலை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அவ்வரலாறுகளில் இடமில்லை. ‘இன்று ஒரு தகவல்’ அத்தகைய வகைமீறிய நிகழ்ச்சி. அது சொற்பொழிவு அன்று, நாடகம் அன்று, கதைநேரம் என்றும் அதற்குப் பெயரிடவில்லை.

இக்கட்டுரையாளர் அந்நிகழ்ச்சியை நேரில் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அல்லர். ஒலிநாடாவிலிருந்து படியெடுக்கப்பட்டு இன்று இணையத்தில் உலவும் பதிவுகள் வழியாகவும், நூலாக்கம் பெற்ற தொகுதிகள் வழியாகவும், மூத்தோர் நினைவு வழியாகவுமே அக்குரலை அறிய நேர்ந்தது. இதில் ஒரு வசதி உண்டு. நினைவின் இனிமையில் கரைந்துவிடாமல், அக்குரல் எப்படிச் செயற்பட்டது என்று கேட்க முடிகிறது.

திருவள்ளூர், திருப்பாச்சூர்ப் பகுதிகளில் அறுபதைக் கடந்தவர்களிடம் தென்கச்சியின் பெயரைச் சொன்னால், முதலில் வெளிப்படுவது அவர் சொன்ன ஏதேனும் ஒரு கதை அன்று. பெரும்பாலோர் உடனே தம் குரலைத் தாழ்த்தி, சொற்களை இழுத்து, அவரைப் போலப் பேசிக் காட்டுகின்றனர். என்ன சொன்னார் என்பது மங்கியிருக்கிறது. எப்படிச் சொன்னார் என்பது மங்கவில்லை. இந்த முரணே இங்கு ஆய்வுப்பொருள்.

வாழ்க்கைக் குறிப்பும் அதில் கவனிக்கப்படாத பகுதியும்

இன்றைய அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள்நத்தம் சுவாமிநாதனின் ஊர். ஊர்ப்பெயரே முன்னொட்டாகி, பின்னர் இயற்பெயரையே மறைத்துவிட்டது. தொண்டை மண்டலத்தின் தலைநகராகிய கச்சியின் பெயரைத் தாங்கிய தெற்கத்தி ஊர் ஒன்றின் பெயர், வானொலி வழியாக மீண்டும் தொண்டை மண்டலத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது ஒரு சுவையான தற்செயல்.

அவர் வேளாண்மைப் பட்டதாரி. வேளாண் அலுவலராகச் சில காலம் பணியாற்றினார். சொந்த ஊரில் பயிர்த்தொழிலும் செய்தார். 1977இல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்து, 1984இல் சென்னை நிலையத்துக்கு மாற்றலானார். 1988இல் ‘இன்று ஒரு தகவல்’ தொடங்கியது. உதவி நிலைய இயக்குநர் என்ற நிலைவரை உயர்ந்து 2002இல் பணி ஓய்வு பெற்றார். சன் தொலைக்காட்சியின் ‘இந்த நாள் இனிய நாள்’ வழியாக அவர் முகமும் பரவலாக அறிமுகமாயிற்று. 2009 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

அவரைப் பற்றி எழுதப்பட்ட அஞ்சலிக் குறிப்புகள் பலவும் மேற்கண்ட செய்திகளில் முதற்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வேளாண்மை படித்தவர் வானொலிக்கு வந்தார் என்பது ஏதோ வழிதவறி வந்ததைப் போலச் சொல்லப்படுகிறது. உண்மையில் 1970களின் வானொலிக்கு வேளாண் பட்டதாரி வேற்றாள் அல்லர், தேவைப்பட்ட ஆள். இதை விளங்கிக்கொள்ள வானொலியின் வேளாண் ஒலிபரப்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

வேளாண் ஒலிபரப்பும் அதன் மொழியும்

சிற்றூர்களுக்கான ஒலிபரப்பு, இந்தியாவில் வானொலியின் தொடக்கக் காலத்திலிருந்தே ஒரு கொள்கையாக இருந்தது. தனியார் வீடுகளில் பெட்டி அரிதாக இருந்த அக்காலத்தில், ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி, அதனுடன் இணைந்த ஒலிபெருக்கி என்ற ஏற்பாடே நடைமுறைக்கு உகந்ததாயிருந்தது. சென்னை மாநகராட்சி தன் ஒலிபரப்பை மெரினா முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. சிற்றூர்களில் இப்பணியைப் பஞ்சாயத்து ரேடியோக்கள் செய்தன. மாலையில் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்போ ஊர்ப் பூங்காவிலோ கூடிக் கேட்பது, ஒரு தலைமுறையின் பொது அனுபவமாயிற்று.

1956இல் புணே வட்டாரத்தில் யுனெஸ்கோ துணையுடன் நடத்தப்பட்ட வானொலி உழவர் மன்ற முயற்சி, கேட்பதை ஒரு செயலாக மாற்ற முனைந்தது. கேட்டல், கலந்து பேசுதல், செய்துபார்த்தல் என்ற மூன்று படிகளை அது வகுத்தது. 1959இல் இம்முறை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1966இல் உயர்விளைச்சல் வித்துகளின் வருகையை ஒட்டி, வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கெனத் தனிப்பிரிவுகள் அமைந்தன. ‘வீடும் வயலும்’ என்ற நிகழ்ச்சிப் பெயர் தமிழ்நாட்டில் நிலைபெற்றது இம்மரபின் வழியாகவே.

இவ்வொலிபரப்பின் வலிமைக்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது தஞ்சை வட்டாரத்தின் ஏ.டி.டி. 27 நெல். திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துரைத்ததால் பரவிய அந்நெல்லுக்கு உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஒரு பயிருக்கு ஓர் ஊடகத்தின் பெயர் அமைந்த நிகழ்வு இது. ஆனால் தஞ்சையை மட்டும் சொல்லி நிறுத்துவது வடதமிழகத்துக்கு நியாயம் செய்வதாகாது. திருவள்ளூரை அடுத்த திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையம், டி.கே.எம். என்ற ஊர்ப்பெயர் எழுத்துகளோடு பல இரகங்களை வெளியிட்ட நிலையம். அதன் டி.கே.எம். 6, பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெற்றோர் இரகமாகப் பயன்பட்டது. 1969இல் அங்கு வெளியிடப்பட்டு, பின்னர் தமிழகத்தில் பெருவழக்குப் பெற்ற ஐ.ஆர். 20, அதன் வழி வந்தது. திருவள்ளூர் மண்ணின் நெல் கடல் கடந்து சென்று, புதுப்பெயரோடு அதே வயலுக்குத் திரும்பியது. அந்தப் பெயரையும் அதற்குரிய உர அளவையும் நாற்று நடும் காலத்தையும் உழவரின் காதில் சேர்த்த கருவிகளுள் வானொலி முதன்மையானது.

இங்கு நமக்கு வேண்டியது அவ்வொலிபரப்பின் மொழி. வேளாண் உரை எழுதுவோர் பின்பற்ற வேண்டியிருந்த நடைமுறைக் கட்டுப்பாடுகள் சில உண்டு. ஒரு முறைக்கு ஒரு செய்தியே சொல்ல வேண்டும். இரண்டு சொன்னால் இரண்டும் மறக்கும். புதிய சொல்லை உடனடியாகப் பழகிய பொருளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கேட்பவர் குறிப்பெடுக்க மாட்டார். அவர் கை வேலையில் இருக்கும். ஆகவே வாக்கியம் குறுகியதாக இருக்க வேண்டும். எண் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரையின் தொனி உழவரைச் சிறுமைப்படுத்தக் கூடாது. பயிர்த்தொழிலில் கேட்பவர் பேசுபவரைவிட மூத்தவராயிருக்கலாம். இதன் பொருட்டே வானொலியின் சிற்றூர் நிகழ்ச்சிகள், அறியாதவர் போல் வினவும் ஒரு பாத்திரத்தையும் விடையளிக்கும் ஒரு பாத்திரத்தையும் படைத்து, பேச்சுவழக்கில் உரையாட வைத்தன. செய்தியறிக்கையின் செந்தமிழ் ஒரு பக்கம் கம்பீரமாக நிற்க, அதே நிலையத்தின் மற்றொரு நேரத்தில் ‘என்னங்கய்யா’ என்ற தமிழும் அரசு ஏற்புடன் ஒலித்தது. வானொலித் தமிழ் என்று ஒருமையில் பேசும் ஆய்வுகள் இந்த இரட்டை நிலையைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

‘தகவல்’ என்னும் சொல்லும் வடிவமும்

நிகழ்ச்சியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். காலை ஒலிபரப்பில் அறக்கருத்தைச் சொல்லும் சிற்றுரைகளுக்குச் ‘சிந்தனை’ என்ற சொல் இயல்பாகப் பொருந்தியிருக்கும். ‘கதை’ என்றும் பெயரிட்டிருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டதோ ‘தகவல்’. இது வேளாண் விரிவாக்கத்தின் சொல், அலுவலகத்தின் சொல், பேருந்து நிலையத்தில் கேட்டறியும் சொல். சிந்தனை என்றால் சொல்பவர் மேலே நிற்கிறார். தகவல் என்றால் தமக்குத் தெரிய வந்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கடத்துகிறார். அத்துடன் ‘இன்று’, ‘ஒரு’ என்னும் இரு சொற்களும் அளவைச் சுருக்குகின்றன. இன்றைக்கு ஒன்று போதும், நாளைக்கு வேறொன்று. ‘ஒரு முறைக்கு ஒரு செய்தி’ என்ற வேளாண் ஒலிபரப்பின் விதி இங்கே தலைப்பாகவே மாறிவிட்டது.

உரையின் அமைப்பும் அவ்வாறே. பொதுவாக ஒரு செய்தியோ கருத்தோ முதலில் வரும். உடல்நலம், அறிவியல், வரலாறு, அன்றாட நடத்தை என்று அது எதுவாகவும் இருக்கலாம். அதைச் சில வாக்கியங்களில் பழகிய வாழ்க்கையோடு பொருத்துவார். இறுதியில் ஒரு குட்டிக் கதை வரும்; அது பெரும்பாலும் நகைச்சுவையானது, சில வேளை முன்னர் சொன்ன கருத்தையே கவிழ்த்துவிடக்கூடியது. மரபான உபந்நியாசத்தில் கதை பெரிது, கிளைக்கதை சிறிது, நீதி முடிவில். இங்கு நீதி முன்னால் வந்துவிடுகிறது. சிரிப்பு பின்னால் வருகிறது. கேட்பவர் நீதியோடு எழுந்து செல்வதில்லை, சிரிப்போடு செல்கிறார். அறிவுரை சொல்லப்பட்டது என்ற உணர்வை அச்சிரிப்பு கலைத்துவிடுகிறது. உழவரைச் சிறுமைப்படுத்தாத தொனி வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு, பொதுநேயர்களுக்கான உரையில் எடுத்த புதிய உருவம் இது என்று கருத இடமுண்டு.

தொண்டை மண்டலத்தின் கதைசொல்லல் மரபோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக நாள்கணக்கில் நீளும் கதை இப்பகுதிக்கு உரியது. திருப்பாச்சூரிலேயே பாடல்பெற்ற தலமாகிய வாசீஸ்வரர் கோயில் உள்ளது. பாசு என்பது மூங்கில். மூங்கிற்புதரில் வாய்ச்சிப் படையின் வெட்டுப்பட்டு இலிங்கம் வெளிப்பட்ட தலவரலாற்றை இன்றும் கோயிலில் விரித்துச் சொல்வோர் உண்டு. ஆக, கதை கேட்டுப் பழகாத மண் அன்று இது. ஆனால் அக்கதைகள் அனைத்தும் அமர்ந்து கேட்பவருக்கானவை. வேலை முடிந்தபின், அறுவடை முடிந்தபின், விழாவுக்கென ஒதுக்கிய நேரத்துக்கானவை. தென்கச்சியின் உரை, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் கேட்பவருக்கானது. கதைமரபிலிருந்து அவர் பொருளை எடுத்துக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. கேட்பவர் எத்தகைய உடல்நிலையில் இருக்கிறார் என்ற அறிதலை அவர் வேளாண் வானொலியிலிருந்து பெற்றிருக்க வேண்டும். அவரைக் கதைசொல்லி என்று மட்டும் வகைப்படுத்தும்போது இந்த இரண்டாவது கூறு காணாமற்போகிறது.

விரைவும் தாழ்வும்

அக்குரலின் தனித்தன்மையை உணர அதன் சமகால, முற்காலக் குரல்களோடு வைத்துக் கேட்க வேண்டும். வடதமிழகம் உட்படத் தமிழகத்தின் பெரும்பகுதி, இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவையையும் தன் வானொலியாகவே கொண்டிருந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் இங்கும் வீட்டுப்பெயர்கள். கே.எஸ். ராஜாவின் பேச்சு விரைவுக்குப் பெயர்பெற்றது. மூச்சுவிட இடமில்லாமல் பாய்ந்தும் ஒரு சொல்லும் சிதையாதது. அது வணிக ஒலிபரப்பில் வளர்ந்த அழகு. திரைப்பாடலுக்கும் விளம்பரத்துக்கும் இடையில் கேட்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய தேவை அதனை உருவாக்கியது. சென்னை வானொலியிலோ, ‘வானொலி அண்ணா’ என்று அறியப்பட்ட ரா. அய்யாசாமி, கூத்தபிரான் ஆகியோர் குழந்தைகளை நோக்கிப் பேசும் உறவுமுறைக் குரலை வளர்த்திருந்தனர்.

தென்கச்சியிடம் விரைவும் இல்லை, உறவுமுறை விளிப்பின் கொஞ்சலும் இல்லை. குரல் தாழ்ந்தது, ஏற்ற இறக்கம் குறைவு, நகைச்சுவையின் உச்சத்தில்கூடப் பேசுபவர் சிரிப்பதாகத் தோன்றாது. வாக்கியங்களுக்கிடையே அவர் விடும் இடைவெளி, வானொலி இலக்கணப்படி நீளமானது. ஒலிபரப்பில் மௌனம் பிழை என்று பயிற்றுவிக்கப்படும் துறையில், மௌனத்தைக் கருவியாக்கிய குரல் அது. அந்த இடைவெளியில் கேட்பவர் அடுத்து வருவதை ஊகிக்கிறார். ஊகம் பொய்க்கும்போது சிரிப்பு பிறக்கிறது. அடுப்பில் கவனமாயிருப்பவரும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பவரும் இழையை இழக்காமல் தொடர்வதற்கு அந்த இடைவெளியே வழிசெய்தது. இது மேடைப்பேச்சாளரின் ஆற்றல் அன்று. எண்ணைத் திருப்பிச் சொல்லிக் காத்திருக்கும் வேளாண் உரையாளரின் பொறுமை, வேறு பொருளுக்கு மாற்றப்பட்டதாகவே தோன்றுகிறது.

வயலும் ஆலையும்: கேட்ட ஊரின் நிலை

1988க்கும் 2002க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் திருவள்ளூர் வட்டாரத்துக்கு எத்தகையவை என்பதை இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். திருப்பாச்சூர், திருவள்ளூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் உள்ளது. வடக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம். கொசஸ்தலையாற்றின் நீரைத் தேக்கினாலும் அது முதன்மையாகச் சென்னையின் குடிநீருக்கானது. 1996இல் கிருஷ்ணா நீர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஏரிப்பாசனமும் கிணற்றுப் பாசனமும் நம்பிய ஊர்களுக்குப் பக்கத்திலேயே மாநகருக்கான நீர் நிரம்பி நின்றது. 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அம்பத்தூர், ஆவடி ஆகிய பழைய தொழில் மையங்களோடு, காக்களூர் தொழிற்பேட்டையும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் வட்டாரத்தின் உழைப்பை ஈர்த்தன. 1998இல் திருவள்ளூரிலுள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் லான்சர் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. மின்தொடர் வண்டி, காலையில் சென்னை நோக்கி ஆள்களைக் கொண்டு சென்றது.

வேறு வகையில் சொன்னால், நெல்லின் பருவத்தை நாள்காட்டியாகக் கொண்டிருந்த குடும்பங்கள் ஆலையின் முறைநேரத்தைக் கடிகாரமாகக் கொள்ளத் தொடங்கிய காலம் இது. மாலையில் பஞ்சாயத்து ரேடியோவின்முன் கூடிய கூட்டம் கலைந்துவிட்டது. வானொலிப் பெட்டிக்கான உரிமக் கட்டணம் 1980களில் நீக்கப்பட்டது. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் வீட்டுக்கு ஒன்று என்றாயிற்று. கேட்டல் மாலையிலிருந்து காலைக்கும், பொதுவிடத்திலிருந்து சமையலறைக்கும் நகர்ந்தது. கிளம்ப வேண்டிய நேரத்தை உணர்த்தும் மணியாகவும் வானொலி பயன்பட்டது. செய்தி முடிந்தால் குளிக்க வேண்டும், ‘தகவல்’ முடிந்தால் வண்டிக்குப் புறப்பட வேண்டும் என்ற வகையில் வீடுகளில் நேரம் கணிக்கப்பட்டதை மூத்தோர் நினைவுகள் பரவலாகக் குறிப்பிடுகின்றன. சென்னை வானொலியின் ஒலிபரப்பிக் கோபுரங்கள் அமைந்த ஆவடியைக் கடந்தே அவர்கள் வேலைக்குச் சென்றனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இத்தகைய நேயர்க்கு அந்தக் குரல் என்ன செய்தது? அவர்கள் விட்டு விலகிக்கொண்டிருந்த ஊரின் பேச்சை, விலகிச் செல்லும் அந்த நேரத்திலேயே அது அவர்களோடு அனுப்பி வைத்தது. உரையில் வரும் பெரியவர், குடியானவர், ஊர்ச் சந்தை, மாட்டுவண்டி ஆகியன அவர்களுக்கு நேற்றைய உலகம். அதைச் சொன்னவரும் வயலிலிருந்து அலுவலகத்துக்கு வந்தவர். நகரத்துக்கு வந்தபின்னும் ஊர்ப்பெயரையும் ஊர்ப்பேச்சையும் உதறாதவர். மாநகர வானொலியில் சிற்றூர்த் தமிழ் என்பது அதுவரை ‘உழவர்க்கான’ நேரத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தது. தென்கச்சி அதனை அந்த வேலியிலிருந்து எடுத்து, எல்லோர்க்குமான காலை நேரத்தில் வைத்தார். அவர் பெற்ற அன்பின் அடித்தளம் இதுவே என்று கருதுகிறேன். சொன்ன கதைகளில் பல, வார இதழ்த் துணுக்குகளிலும் பன்னாட்டு நீதிக்கதைத் தொகுப்புகளிலும் காணக்கூடியவையே. முல்லாவும் சீன ஞானியும் அவரிடம் வந்து போவர். அவற்றின் புதுமையால் அவர் நினைவில் நிற்கவில்லை.

குரலின் எல்லை

இவ்வன்பை மதிக்கும் அதே வேளையில் அக்குரல் எதைப் பேசவில்லை என்பதையும் பதிவுசெய்வது ஆய்வாளர் கடமை. கூலி, நில விற்பனை, ஆலை விபத்து, சாதி ஆகியவை இவ்வட்டாரத்தின் அந்தப் பதினான்கு ஆண்டுகளைத் தீர்மானித்தவை. ‘தகவல்’களில் இவை பெரும்பாலும் இடம்பெறவில்லை. துன்பத்துக்குக் காரணம் மனிதரின் பேராசை, பொறாமை, சினம் என்று சுருங்கும். தீர்வும் தனிமனித மனத்திலேயே கிடைக்கும். அரசு வானொலியின் ஒலிபரப்பு நெறிகள் இதற்கு ஒரு காரணம். வேளாண் ஒலிபரப்பின் மரபும் மற்றொரு காரணம் எனலாம். விதையையும் உரத்தையும் விளக்கிய அம்மரபு, நிலம் யாருடையது என்ற வினாவை எழுப்பியதில்லை. அக்காலத் துணுக்குகளின் பொதுவழக்கான கணவன்–மனைவி நகைச்சுவையும் அவர் உரைகளில் உண்டு. சமையலறையில் நின்று அதைக் கேட்ட பெண்கள் சிரித்தார்களா, சகித்தார்களா என்று இதுவரை எவரும் கேட்டுப் பதிவுசெய்ததாகத் தெரியவில்லை. கேட்டல் வரலாறு எழுத முனைவோர்க்கு இது எளிதில் கைவிடத்தக்க வினா அன்று.

ஆயினும் இக்குறையைச் சுவாமிநாதன் என்னும் தனிமனிதர்மீது ஏற்றுவது பொருந்தாது. அதே எல்லைக்குள் நின்ற எத்தனையோ உரைகள் அன்றே மறக்கப்பட்டன. எல்லைக்குள் இருந்தபடியே நேயரைத் தமக்கு நிகரானவராக வைத்துப் பேசியவர் என்ற வேறுபாடு அவருக்கு எஞ்சுகிறது.

அச்சும் நாடாவும்: சான்றுகளின் நிலை

‘இன்று ஒரு தகவல்’ பல தொகுதிகளாக அச்சேறியுள்ளது. ஆய்வு மாணவர் கைக்கு எளிதில் எட்டும் சான்று இதுவே. பேச்சுத்தமிழின் வாடை நூலாக்கத்திலும் முற்றாக நீங்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் மேலே விளக்கிய இடைவெளி, தாழ்குரல், சிரிக்காத முகபாவத்தைக் காதுக்கு உணர்த்தும் தொனி ஆகியவற்றை அச்சு ஏற்காது. அச்சில் படிக்கும்போது கதையே முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அவர் கதைசொல்லியாகவே தோன்றுகிறார். ஆய்வுலகில் அவ்வகைப்பாடு நிலைபெற்றதற்கு நாம் காதால் கேளாமல் கண்ணால் படித்ததும் ஒரு காரணம். வானொலியின் நிகழ்ச்சி நிரல் இதழாகிய ‘வானொலி’ போன்ற சான்றுகள் ஒரு காலகட்டத்தின் நிகழ்ச்சிகளைப் பெயரோடும் நேரத்தோடும் தருகின்றன. அவையும் குரலைத் தருவதில்லை.

இணையத்தில் உலவும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் நேயர்கள் வீட்டில் பதிவுசெய்த நாடாக்களிலிருந்தோ விற்பனை நாடாக்களிலிருந்தோ எடுக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பான்மையானவற்றுக்கு ஒலிபரப்பான நாள் குறிக்கப்படவில்லை. நாள்தோறும் ஓர் உரை என்று கொண்டால் 14 ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 உரைகள் ஆகும். நாள் தெரியாதபோது அவற்றை எந்த நிகழ்வோடும் பொருத்த இயலாது. 1996இன் கிருஷ்ணா நீர் வருகையின்போதோ, 1997இல் மாவட்டம் பிரிந்தபோதோ அக்குரல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்ற எளிய கேள்விக்குக்கூட விடை தேட வழியில்லை. 2003இல் சூரியன் எஃப்.எம். முதலிய தனியார் பண்பலைகள் சென்னையில் தொடங்கியபின் காலைநேரக் கேட்டலின் இயல்பே மாறிவிட்டதால், நேயர் நினைவும் அந்த எல்லைக்கோட்டில் குழம்புகிறது. ஓய்வுக்குப் பிந்தைய தொலைக்காட்சி உரைகளை வானொலி உரைகளாகக் கூறுவோரும் உளர்.

வீட்டில் பதிவுசெய்யப்பட்ட நாடாக்களில் ஒரு பயன் மறைந்துள்ளது. உரைக்கு முன்னும் பின்னும் சில நொடிகள் அவற்றில் தற்செயலாகச் சிக்கியிருக்கும்: நேர அறிவிப்பு, அடுத்த நிகழ்ச்சியின் பெயர், சில வேளை செய்தியின் ஒரு வரி. நாளைக் கண்டறிய அந்த வரி போதும். தெளிவற்றவை என்று ஒதுக்கப்படும் இத்தகைய நாடாக்கள் திருவள்ளூர், திருத்தணி, கும்மிடிப்பூண்டி வட்டார வீடுகளில் இன்னும் கிடைக்கக்கூடும். அவற்றைப் படியெடுக்கும்போது, உரை தொடங்கும் இடத்தில் தொடங்காமல் நாடாவின் முதல் நொடியிலிருந்தே படியெடுக்க வேண்டும். பின்னணியில் கேட்கும் பாத்திர ஓசையையும் குழந்தையின் அழுகையையும் துப்புரவு செய்து நீக்கிவிடக் கூடாது. அந்த உரை எங்கே, யாரிடையே கேட்கப்பட்டது என்பதற்கு அவ்வோசைகளே நேர்ச்சான்று.